காவிரியைப் பார்க்கும் ஜன்னல்

பாலக்கரை வீட்டில் அன்று காலை யாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடவில்லை.

ஷெர்லின் மஸ்கட்டில் நீச்சல் குளம் கட்டும் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பியதிலிருந்து அவளுடைய அண்ணன் ரெஜிஸ் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அப்பா அடைக்கலராஜின் கட்டுமானக் கம்பெனியில் கூடவே நின்று வளர்ந்தவன் அவன். வந்தவளுக்கு அப்பா ஒரு மேஜை போட்டுக் கொடுத்ததைக்கூட அவன் பொறுத்துக்கொண்டான். ஸ்ரீரங்கம் ஹோட்டல் வேலையில், 'நீச்சல் குளத்து ஜன்னலை ஷெர்லின் பார்க்கட்டும்' என்று சொன்னதைத்தான் அவனால் ஜீரணிக்க முடியவில்லை.

ஏனென்றால், அந்த ஜன்னலை அவன் ஏற்கெனவே தன் மச்சான் சித்தார்த்தனுக்குப் பேசி முடித்திருந்தான்.

சித்தார்த்தன், ரெஜிஸின் மனைவி மகாலட்சுமியின் அண்ணன். மணப்பாறையில் அக்ரிலிக் பெயர்ப்பலகைகள் செய்கிற கடை வைத்திருப்பவன். சமீபகாலமாக நீச்சல் குளங்களுக்கு அதே அக்ரிலிக்கில் தடித்த ஜன்னல்களும் வாங்கிக் கொடுக்கத் தொடங்கியிருந்தான்.

"மச்சான் நம்ம ஆளு. ஏமாத்த மாட்டான்" என்றான் ரெஜிஸ்.

"ஏமாத்துவார்னு நான் சொல்லலண்ணா. நான் பாக்காம மாட்டக் கூடாதுன்னுதான் சொன்னேன்" என்றாள் ஷெர்லின்.

அடைக்கலராஜ் அதற்கு மேல் வாதத்தை வளர விடவில்லை. "ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு துண்டு கொண்டாங்க. ஹோட்டல்காரம்மா முன்னாடி வெச்சுப் பாத்துடலாம்" என்று முடித்துவிட்டார்.

இன்று அந்த நாள்.

ஷெர்லின் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தபோது மகாலட்சுமி புடவை மாற்றிக்கொண்டு, கைப்பையோடு கிளம்பி நின்றாள்.

"அண்ணி, நீங்களும் வர்றீங்களா?"

"வராம? ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் நாத்தனார், நடுவுல எங்க அண்ணன். நான் இங்க உக்காந்து யாருக்குன்னு வேண்டிக்கறது?"

ஷெர்லினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடத்தில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த ரெஜிஸ் சிரிக்கவில்லை.

* * *

மேலூர் ரோட்டில், காவிரியை ஒட்டி எழும்பிக்கொண்டிருந்தது அந்த ஹோட்டல். உரிமையாளர் ஆனந்தவள்ளி, கணவர் காலமான பிறகு ஒரு பழைய லாட்ஜைக் கையில் எடுத்து, தூசி தட்டி, இந்த உயரத்துக்கு வந்தவர். ஹோட்டலின் மொட்டை மாடியில் நீச்சல் குளம். அதன் ஒரு பக்கச் சுவர் முழுக்க ஜன்னல். திருச்சியில் வேறு எங்கும் அப்படி ஒன்று இருக்கக் கூடாது என்பது அவருடைய உத்தரவு.

குளத்துச் சுவருக்குக் கம்பி கட்டியாகிவிட்டது. திங்கட்கிழமை கான்கிரீட். ஜன்னல் உட்காரும் பள்ளத்தை அப்போதே விட்டாக வேண்டும். சுவர் இறுகிய பிறகு எதையும் மாற்ற முடியாது.

பச்சைத் தார்ப்பாய் நிழலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஆற்றில் நல்ல தண்ணீர். காற்று தார்ப்பாயைத் தூக்கித் தூக்கி அடித்தது.

ஆனந்தவள்ளி வடக்குப் பக்கம் கையைக் காட்டினார். "அங்க ரெஸ்டாரன்ட் வரப்போவுது. உக்காந்து காபி குடிக்கறவங்களுக்கு, தண்ணிக்குள்ள ஆளுங்க நீந்தறது தெரியணும். மீன் தொட்டி மாதிரி."

"பிரமாதமா இருக்கும் மேடம்" என்றான் ரெஜிஸ்.

"ஜன்னலைத் தெற்குப் பக்கம் வெச்சா என்னங்க?" என்றாள் ஷெர்லின்.

"தெற்கே யாரு இருக்கா பாக்கறதுக்கு? வெறும் ஆறு."

"அதுக்குத்தாங்க சொல்றேன்."

ஆனந்தவள்ளிக்குப் புரியவில்லை. சுற்றிலும் பார்த்தார். இதுவரை வாயைத் திறக்காமல் நின்ற மகாலட்சுமியின் மேல் பார்வை நின்றது. "நீ சொல்லும்மா. உனக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியும்மா. காலேஜ்ல கத்துக்கிட்டேன். இப்பவும் போறேன்."

"அப்ப இந்தக் குளத்துக்கு வருவேல்ல?"

"மாட்டேம்மா."

ரெஜிஸ் திடுக்கிட்டு மனைவியைப் பார்த்தான்.

"ஏன்?" என்றார் ஆனந்தவள்ளி.

"சாம்பார் வடை சாப்பிடறவங்க வேடிக்கை பாக்கறதுக்கு நான் எதுக்குங்க தண்ணியில இறங்கணும்?"

அடைக்கலராஜ் இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டார். ஆனந்தவள்ளி ஒரு கணம் விழித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "நியாயந்தான். நானா இருந்தாலும் இறங்க மாட்டேன்."

"தெற்கே திருப்பிட்டா உள்ள இருக்கறவங்க வெளிய பாப்பாங்க" என்றாள் ஷெர்லின். "எதிர்ல காவிரி. அதைத் தாண்டி மலைக்கோட்டை. தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு ஜன்னல் மேல கையை ஊனிக்கிட்டு ஆத்தைப் பாக்கலாம். அந்தப் பக்கம் நின்னு எட்டிப் பாக்க ஆளே கிடையாது."

ஆனந்தவள்ளி எழுந்து மாடியின் தெற்கு ஓரத்துக்கு நடந்தார். கைப்பிடிச் சுவர் மேல் கையை வைத்து, எதிர்க்கரையைப் பார்த்தபடி நின்றார். உச்சிப் பிள்ளையார் கோயில் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

திரும்பி வந்து, "தெற்கு" என்றார். அவ்வளவுதான்.

"கட்டின கம்பியைப் பிரிச்சு மாத்திக் கட்டணும்" என்று முணுமுணுத்தான் ரெஜிஸ்.

"கட்டிடலாம். ஆளுங்க இருக்காங்க" என்றார் அடைக்கலராஜ்.

* * *

இரண்டு துண்டுகளும் மேஜைக்கு வந்தன. இரண்டும் செங்கல் பருமன். அடைக்கலராஜ் முன்னதாகவே அவற்றில் ஒட்டியிருந்த சீட்டுகளைக் கிழித்துவிட்டிருந்தார். எது யாருடையது என்று ஆனந்தவள்ளிக்குத் தெரியாது.

அவர் இரண்டையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தார். ஒன்றின் ஓரம் மங்கலாக, பால் படிந்த மாதிரி இருந்தது. இன்னொன்றின் ஓரம் வைரம் மாதிரி மின்னியது. மின்னியதைத்தான் முன்னால் நகர்த்தினார்.

"இதுதான். எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க!"

அது சித்தார்த்தன் கொடுத்த துண்டு. ரெஜிஸ் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான். அன்று முதல் தடவையாகத் தங்கையை நேராகப் பார்த்தான்.

ஷெர்லின் முகம் மாறவில்லை. கைப்பையிலிருந்து சானிடைசர் பாட்டிலை எடுத்தாள். பஞ்சில் நனைத்து, இரண்டு துண்டுகளின் ஓரங்களிலும் ஒரே மாதிரி தடவினாள்.

"என்ன பண்ற?" என்றான் ரெஜிஸ்.

"துடைக்கறேண்ணா. ஹோட்டல் திறந்த பிறகு யாராவது கைக்குக் கிடைச்சதை வெச்சுத் துடைக்கத்தான் போறாங்க. நாம சொல்லி நிறுத்த முடியாது. நல்லதா வார்த்த சரக்கு ஒரு தடவை தாங்கும். தாங்காததும் தெரிஞ்சுடும். கொஞ்ச நேரம் விடுங்க. காபி குடிக்கலாம்."

காபி வந்தது.

"பேசாம நிஜக் கண்ணாடியே போட்டுட்டா என்னம்மா?" என்றார் ஆனந்தவள்ளி.

"சின்ன ஜன்னல்னா போடலாங்க. இந்த நீளத்துக்கு அக்ரிலிக்தான் தோது. கண்ணாடியில பாதிக் கனம்தான். தண்ணிக்கும் அதுக்கும் நல்லா ஒத்துப்போகும், பாக்கறது கோணலாத் தெரியாது. கீறல் விழும், ஆனா தேய்ச்சு எடுத்துடலாம். ஒரே ஒரு விஷயம், வெயில்ல நீளும். அதுக்குச் சுவர்ல இடம் விட்டு, ரப்பர் மாதிரி இழுபடற சிலிகானால அடைக்கணும்."

"பிளாஸ்டிக் நீளுமா?"

"நம்ம ஊர் வெயிலுக்குத் தண்டவாளமே நீளுதுங்க."

ஆனந்தவள்ளி தலையாட்டினார். பேச்சு அப்படியே கிரேன், லாரி என்று போயிற்று. மகாலட்சுமி மட்டும் அதில் கலந்துகொள்ளவில்லை. அவள் கண் மேஜை மேலேயே இருந்தது. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மின்னிய துண்டை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள்.

ஓரத்தில் சிலந்தி வலை பின்னியது போல மெல்லிய வெள்ளைக் கோடுகள். உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கோடு இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்தது.

மற்றதை எடுத்துப் பார்த்தாள். மங்கலான ஓரம் மங்கலாகவே இருந்தது. ஒரு கோடு இல்லை.

சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் அண்ணன் கடையில்தான் அவள் வீட்டுப்பாடம் எழுதுவாள். அக்ரிலிக் அறுக்கிற வாசனையிலேயே வளர்ந்தவள். அந்தக் கோடுகள் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. துண்டைக் கவிழ்த்து வைத்துவிட்டால், அந்த நிமிஷத்துக்கு யாருக்கும் தெரியாது. ரெஜிஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, இதைப் பாருங்க" என்று மாமனாரிடம் நீட்டினாள்.

அடைக்கலராஜ் வாங்கிப் பார்த்தார். ரெஜிஸ் எழுந்து வந்து எட்டிப் பார்த்தான்.

"கீறல் விழுந்திருக்கு. கொண்டு வரும்போது பட்டிருக்கும்."

"கீறல் இல்லைங்க" என்றாள் மகாலட்சுமி. "கீறல்னா விரல்ல தட்டுப்படும். இது உள்ளே போகுது. எங்க கடையில ஒரு போர்டுல இப்படி வந்தா எங்க அண்ணன் அதைத் தூக்கிப் போட்டுடுவார். பெயர்ப்பலகைக்கே ஆகாதது, குளத்துத் தண்ணியை எப்படித் தாங்கும்?"

"மகா!"

"உங்களுக்காகத்தாங்க சொல்றேன்."

ஷெர்லின்கூட அண்ணியை ஆச்சரியத்தோடு பார்த்தாள்.

பிறகு ஷெர்லினே ஆனந்தவள்ளிக்கு விளக்கினாள். வார்த்து, அறுத்து, ஒட்டிய பிறகு சூளையில் வைத்துச் சூடேற்றி, மெதுவாக ஆறவிட வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கிற இறுக்கம் தளரும். இதில் அதைச் செய்யவில்லை. ஓரத்தை நெருப்பு காட்டிப் பளபளப்பாக்கியதோடு விட்டுவிட்டார்கள். பார்க்க அழகாக இருக்கும். உள்ளுக்குள் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும். சானிடைசரில் உள்ள ஸ்பிரிட் பட்டதும் அது வெடிப்பாக வெளியே வந்துவிடும்.

"எப்ப உடையும்?" என்றார் ஆனந்தவள்ளி.

"தெரியாதுங்க. அதுதான் பயம்."

"நல்லதுக்கு ஆர்டர் குடுத்தா எப்ப வரும்?"

"வைகுண்ட ஏகாதசிக்குள்ள குளம் தயாராகாது." ஷெர்லின் சுற்றி வளைக்கவில்லை. "ஹோட்டலைத் திறந்துடலாம். குளம் பின்னாடிதான்."

ஏகாதசிக்குத் திறப்பு விழா என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார் ஆனந்தவள்ளி. அடைக்கலராஜ் கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

ஆனந்தவள்ளி மீதிக் காபியைக் குடித்து முடித்தார். "ஏகாதசிக்கு வர்றவங்க நீச்சல் குளத்துக்கா வர்றாங்க? பெருமாளைச் சேவிக்க வர்றாங்க. குளிக்கறதுக்குக் காவிரி இருக்கு, கொள்ளிடம் இருக்கு. நீ நல்லதையே போடும்மா. அடைக்கலம் சார், உங்க பொண்ணு சொல்றபடியே பண்ணிடுங்க."

* * *

ரெஜிஸ் மாடியின் ஓரத்தில் தனியாக நின்றான். ஷெர்லின் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஜெயிச்சுட்டேல்ல?"

"நீ கேட்ட நீளத்தைக் குறைக்கப் போறதில்லண்ணா. ஒரே பேனல், நடுவுல தூண் கிடையாது. உன் யோசனைதான் நல்ல யோசனை. தடிமனைத்தான் கூட்டியிருக்கேன்."

"ஆறுதல் சொல்லாத."

"ஆறுதல் இல்ல. அவ்வளவு பெரிய பேனல் லாரியில வந்து இந்த ரோட்டுல திரும்பணும். கிரேன் வெச்சு ஏத்தணும். கரன்ட் ஒயரை இறக்கணும், போலீஸ்ல பர்மிஷன் வாங்கணும். இந்த ஊர்ல எனக்கு யாரைத் தெரியும்? நீதான் பண்ணணும்."

ரெஜிஸ் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்வையைத் திருப்பாமலே, "எவ்வளவு வெயிட் வரும்?" என்று கேட்டான்.

அவள் சொன்னாள். அவன் கீழே ரோட்டைக் குனிந்து பார்த்தான். கிரேனை எங்கே நிறுத்துவது என்று அவன் மனம் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது ஷெர்லினுக்குத் தெரிந்தது.

"மச்சான்கிட்ட நான் பேசிடறேன்" என்று போனை எடுத்தான்.

மகாலட்சுமி அவன் கையைப் பிடித்துத் தடுத்தாள். "நீங்க பேசினா மச்சான் மாப்பிள்ளை தகராறாயிடும். நான் பேசறேன். அண்ணன் தங்கச்சியோட போயிடும்."

ஸ்பீக்கரைப் போட்டே பேசினாள். ஒளிக்க ஒன்றுமில்லை என்று நினைத்திருப்பாள்.

"அண்ணா, நீ குடுத்த துண்டு ஓரமெல்லாம் விட்டுப்போச்சு. சானிடைசர் பட்டதும் வலை மாதிரி வெடிப்பு."

"யாரு தடவினது? உன் நாத்தனாரா? வேணும்னே எதையாவது பண்ணியிருப்பா."

"தடவினது அவதான். பாத்தது நான். நான் யாரு கடையில வளந்தவ?"

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த அறுவை மெஷின் நின்றது.

"சூளையில வெச்சு ஆற விட்டாங்களான்னு நீ நேர்ல பாத்தியா?"

"வெச்சோம்னுதான் சொன்னாங்க மகா."

"பாத்தியா?"

"இல்ல."

மகாலட்சுமி கண்ணை மூடித் திறந்தாள். "இதே சரக்கை வேற எங்கயாவது மாட்டியிருக்கியா?"

ஷெர்லின் ஓரடி நெருங்கி வந்தாள்.

"மருங்காபுரி பக்கத்துல ஒரு தோட்டத்து பங்களா" என்றான் சித்தார்த்தன். குரல் இறங்கியிருந்தது. "மாட்டி, தண்ணியும் நிரப்பியாச்சு. இன்னிக்கு அங்க காதுகுத்து. வீடு நிறைய ஜனம்."

"போன் பண்ணி எல்லாரையும் தண்ணியிலேருந்து ஏறச் சொல்லு."

"என்னன்னு சொல்வேன்? என் பேரு நாறிடும் மகா. புதுசா ஆரம்பிச்ச தொழில்."

"அண்ணா."

சித்தார்த்தன் போனை வைத்துவிட்டான். மறுபடி கூப்பிட்டபோது எடுக்கவில்லை.

"அவன் சொல்ல மாட்டான்" என்றான் ரெஜிஸ்.

"சொல்லுவார். ஆனா நாம கிளம்பலாம்" என்றாள் மகாலட்சுமி.

ரெஜிஸ் சாவியை எடுத்தான். படியில் இறங்கப்போனவன் நின்று, தங்கையைத் திரும்பிப் பார்த்தான். "நீ வராம நான் அங்க போய் என்னத்தைப் பாக்கறது? வா."

* * *

மதுரை ரோட்டில் கார் பறந்தது. விராலிமலை தாண்டிய பிறகுதான் மகாலட்சுமியின் போன் அடித்தது.

"மகா, நான் இங்க பங்களாவுக்கே வந்துட்டேன்." சித்தார்த்தனுக்கு மூச்சு வாங்கியது. பின்னால் நாதஸ்வரமும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன. "ஓரத்துல கோடு இருக்கு. அந்தத் துண்டுல நீ பாத்த மாதிரியேதான். பசங்க உள்ள குதிச்சுக்கிட்டு இருக்காங்க. வீட்டுக்காரர்கிட்ட தனியாக் கூப்பிட்டுச் சொன்னேன். சிரிக்கறார். சாப்பிட்டுட்டுப் பேசலாங்கறார்."

ஷெர்லின் பின்சீட்டிலிருந்து எட்டிப் போனை வாங்கினாள். "அண்ணா, நான் ஷெர்லின். அவரை விடுங்க. முதல்ல பசங்களை ஏத்துங்க. அப்புறம் ஜன்னலுக்கு முன்னாடி யாரும் நிக்கக் கூடாது, சேர் போட்டு உக்காந்திருந்தா எழுப்பிடுங்க. அதுக்கப்புறம் மோட்டார் ரூம் போய்த் தண்ணியை வடிச்சு விடுங்க. இதே வரிசையில."

"சரிம்மா."

அவன் போனை அணைக்கவில்லை. சட்டைப் பையில் போட்டிருப்பான் போலிருக்கிறது. உரசல் சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல், நாதஸ்வரத்தையும் மீறிக்கொண்டு:

"எல்லாரும் வெளிய வாங்க! இந்த ஜன்னலை மாட்டினவன் நான்தான்! நானே சொல்றேன், இது தாங்காது! வெளிய வாங்க!"

நாதஸ்வரம் நின்றது. ஒரு பெண் அலறினாள். தண்ணீர் சளசளத்தது. யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரு குழந்தை, இன்னும் கொஞ்ச நேரம் என்று அழுதது. காருக்குள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். மகாலட்சுமி ரெஜிஸின் தோளைப் பற்றியிருந்தாள். அவனுக்கு வலித்திருக்கும், வண்டியின் வேகத்தை அவன் குறைக்கவில்லை.

ரொம்ப நேரம் மாதிரித் தோன்றியது.

"மகா." சித்தார்த்தனின் குரல் மறுபடி பக்கத்தில் வந்தது. "எல்லாரும் ஏறிட்டாங்க. ஒருத்தரும் உள்ள இல்ல. தண்ணியைத் திறந்து விட்டுட்டேன். ஜன்னல் இன்னும் நிக்குது."

மகாலட்சுமிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "நீ சொல்லுவேன்னு எனக்குத் தெரியும்ணா."

"மகா, இன்னொண்ணு இருக்கு. மாப்பிள்ளையும் கேக்கறாரா?"

"கேக்கறேன், சொல்லுங்க மச்சான்" என்றான் ரெஜிஸ்.

"வீட்டுக்காரர் என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டார். மேலே யாரு பொறுப்புன்னு கேக்கறார். நான் இந்த வேலையை வாங்கினப்ப..." குரல் தடுமாறியது. "அடைக்கலராஜ் கம்பெனி மேற்பார்வைன்னு சொல்லித்தான் வாங்கினேன். உங்க அப்பா பேரைச் சொன்னதும்தான் அவர் ஒத்துக்கிட்டார். மாமாவுக்குத் தெரியாது. உங்க யாருக்குமே தெரியாது. இப்ப அவர் போலீசைக் கூப்பிடணுங்கறார்."

மகாலட்சுமி கணவன் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள்.

ரெஜிஸ் வண்டியை ஓரங்கட்டுவான் என்றுதான் ஷெர்லினும் நினைத்தாள். அவன் கியரை மாற்றினான். கார் முன்னைவிட வேகமெடுத்தது.

"அங்கயே இருங்க மச்சான். கூப்பிடறவரைக் கூப்பிட விடுங்க" என்றான். "அப்பா பேரைச் சொல்லியிருந்தா, அவர் பிள்ளைங்கதானே வந்து நிக்கணும்? நாங்க ரெண்டு பேரும் வர்றோம்."